தவிட்டுக்கு வாங்கிய பெயர்

ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் நின்றது. ஓட்டுநர் நிறுத்தவில்லை, அதுவாகத்தான் நின்றது. ஈப்போவில் என் வீட்டுக் கதவைப் பூட்டி முழுதாக ஒரு நாள் ஆகியிருந்தது. அந்த ஒரு நாளில் நான் கண்ணயர்ந்தது ஒரு மணி நேரம்கூட இருக்காது. முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. எல்லாரும் இறங்கச் சொன்னார் நடத்துநர். நிழல் என்று அங்கே இருந்தது பஸ்ஸின் நிழல் மட்டும்தான். அதில் ஏற்கெனவே முப்பது பேர் நின்றார்கள்.

எங்கள் ஊரில் இப்படி ஒரு பஸ் நின்றால் ஆளுக்கொரு கைப்பேசியை எடுத்துத் தனித்தனியாகக் கோபப்படுவார்கள். இங்கே யாருக்கும் கோபமே வரவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா பையிலிருந்து வெள்ளரிப்பிஞ்சை எடுத்து ஒடித்து எனக்குப் பாதி கொடுத்தார்.

"எங்கன போறீக?"

"தேனிக்கு. என் புத்தகம் ஒன்று அச்சாகிறது. பிழை திருத்த வந்திருக்கிறேன், மலேசியாவிலிருந்து."

"பிழை திருத்தவா அம்புட்டுத் தூரத்துலருந்து வந்தீக? அங்கன ஆள் இல்லையா?"

நியாயமான கேள்விதான். விமானத்தில் நானும் அதைத்தான் என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

புத்தகம் இரண்டு பாகம். முதல் பாகத்தில் வேதாகமத்தில் வரும் பெயர்களும் அவற்றின் பொருளும். இரண்டாம் பாகம் உலக மொழிகள் எப்படிப் பிறந்தன என்பது பற்றி, பாபேல் கோபுரத்தில் தொடங்கி மொழியியல்காரர்கள் சொல்வதுவரை. பிள்ளைக்குப் பெயர் தேடும் பெற்றோருக்காக எழுதியது. முதல் பதிப்பு ஈப்போ பக்கத்துச் சபைகளிலேயே தீர்ந்துபோனது. இரண்டாம் பதிப்பைப் பெரிதாக்கி, கையால் எழுதி, தேனியில் ஓர் அச்சகத்துக்கு அனுப்பினேன். நாற்பது வருஷம் கரும்பலகையில் எழுதி எழுதி என் கையெழுத்து கெட்டுப்போய்விட்டது. அதை வாசிக்கத் தெரிந்தவள் அந்த அச்சகத்துக்கு டைப் அடித்துத் தரும் ஒரே ஒரு பெண். அவளுக்குப் பிரசவம் ஆனதும் வேலை நின்றது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டினேன்.

வெள்ளரிப்பிஞ்சு அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. மொழி பற்றிய புத்தகம் என்று மட்டும் சொன்னேன். நிழலுக்குள் நின்ற பெரியவர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஆதாம் பேசுனதே தமிழ்தேன். இதுல என்னத்த ஆராய்ச்சி?"

ஈப்போவில் நான் பேசிய ஒவ்வொரு கூட்டத்திலும் இதைச் சொல்ல ஒருவர் எழுந்திருப்பார். அங்கே மறுப்பேன், ஆதாரம் காட்டுவேன். கணவாய் வெயிலில் எனக்கு ஆதாமின் மொழி எதுவானால் என்ன என்றிருந்தது. சரிதான் ஐயா என்றேன். அவருக்கே அது ஏமாற்றமாகப் போய்விட்டது.

என் பெயர் லேயா. லேயா என்றால் எபிரேயத்தில் களைத்தவள் என்று பொருள். காட்டுப்பசு என்றும் சொல்கிறவர்கள் உண்டு. அன்றைக்கு இரண்டுமே எனக்குப் பொருந்தியிருக்கும். அப்பா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அட்டை இல்லாத ஓர் ஆங்கிலப் பெயர் அகராதியை எனக்கு விட்டுப்போனார். அதில் எத்தனையோ பெயர்கள் இருந்தும் என் பெயருக்குப் பக்கத்தில் மட்டும்தான் பென்சில் கோடு இருக்கும். பெயர் வைத்த பிறகு பொருளைப் பார்த்து நொந்துபோய்க் கோடு போட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். பார்க்காமல் வைத்துவிட்டாரே என்று அவர்மேல் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் எப்போதும் உண்டு.

மாற்று பஸ் வந்து தேனி சேர்ந்தபோது மாலை ஆகிவிட்டது. ஒரு கடையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றிக் கொடுத்தார்கள். பாதிதான் சாப்பிட முடிந்தது. எங்கள் ஊர் ரொட்டிச் சானாய்க்கு இது அண்ணன், ஆனால் முரட்டு அண்ணன்.

மறுநாள் அச்சகத்துக்காரர் திருத்துதாள் கட்டை என் கையில் கொடுத்து, "மார்க்கையன்கோட்டைக்கு நேர்ல போயிருங்கம்மா. அவ வீட்டுலயே கம்ப்யூட்டர் இருக்கு. நீங்க சொல்லச் சொல்ல அவ திருத்திருவா. வேற வழி தெரியல" என்றார். பெயர் ஜெயக்கொடி என்றும் விவசாயக் குடும்பம் என்றும் சொன்னார். "வேதத்துக்காரக இல்ல. ஆனா ஒங்க பேரெல்லாம் தலகீழாச் சொல்லுவா."

சின்னமனூரில் இறங்கி ஷேர் ஆட்டோ ஏறினேன். எனக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு வாழைத்தார் பயணம் செய்தன. மூன்று பேர் கைப்பேசியில் பேசினார்கள், ஒருவர் மலையாளத்தில் ஏலக்காய் விலை கேட்டார். எங்கள் சந்தையிலும் ஒரு கட்டுக் கீரை வாங்குவதற்குள் மூன்று மொழி பேசிவிடலாம். ஆட்டோக்காரர் ஊர் வந்துவிட்டது என்று சொல்லி ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறக்கிவிட்டார். வாய்க்கால் ஓரமாக வயலைப் பார்த்தபடி நடந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கால் வலியில் அழகு அவ்வளவாக ஏறவில்லை.

ஜெயக்கொடிக்கு முப்பது வயதிருக்கும். கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் மேசை, அதற்குப் பக்கத்தில் உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டில். தொட்டில் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே டைப் அடித்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "டீச்சர், ஒங்க கையெழுத்தப் பாத்து ஒங்கள உயரமா நெனச்சிருந்தேன்" என்றாள்.

தொட்டிலுக்குள் பார்த்தேன். கன்னத்தில் பெரிய மைப்பொட்டு வைத்த பெண் குழந்தை. மூன்று மாதம் இருக்கும்.

"பாப்பா பேர் என்ன?"

ஜெயக்கொடியின் மாமியார் பேச்சியம்மாள் அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, "பேரு வைக்கலம்மா" என்றார். ஊருக்கெல்லாம் பெயர் சொல்லும் புத்தகத்தை எழுதியவளிடம் பெயர் இல்லாத பிள்ளையைக் காட்டுகிறார்கள். கேட்டிருக்க வேண்டாமே என்றிருந்தது.

அன்று முழுக்க அகரத்தில் தொடங்கி ஈசாக்குவரை திருத்தினோம். பன்னீர்த் திராட்சையை ஒரு தட்டு நிறைய வைத்தார்கள். தோல் தடிப்பு, உள்ளே கொட்டை வேறு. ஆனால் அந்த வாசனைக்காக எதையும் மன்னிக்கலாம். ஜெயக்கொடி வேலையில் கெட்டிக்காரி. நான் வாயைத் திறக்குமுன் அவள் விரல் அந்த வரிக்குப் போய்விடும். சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, நான் கேட்காமலே சொன்னாள்.

"இதுக்கு முன்னால ரெண்டு, டீச்சர். ஒன்னு பதினோராம் நாளு. ஒன்னு ஆறு மாசம் இருந்துச்சு. ரெண்டுக்கும் நல்ல நல்ல பேராப் பாத்துத்தேன் வச்சோம்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தேனியில் எடுத்திருந்த அறைக்குத் திரும்பும் பஸ்ஸில் எங்கள் ஈப்போக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் இரண்டு சின்னச் சிலுவைகள் ஞாபகத்துக்கு வந்தன. எனக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் என்று மட்டும் தெரியும். அம்மா அவற்றைப் பற்றிப் பேசியதே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் வீட்டில் சண்டை நடந்து முடிந்திருந்தது முகங்களில் தெரிந்தது. ஜெயக்கொடியின் கணவன் முருகேசன் வாழை வியாபாரி. அன்றைக்குத் தோப்புக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தான்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். எங்கம்மா பிச்சையம்மான்னு பேரு வைக்கச் சொல்றாக. எங்க அண்ணனுக்கு முன்னாடி பெறந்ததுக தங்கலன்னு அவருக்குக் குப்பைன்னு வச்சாக. இன்னைக்குப் பாங்க்ல பெரிய வேலைல இருக்காக. முழுப் பேரச் சொல்ல இன்னமும் கூசுறாக."

"உசுரோட இருக்கான்ல?" என்றார் பேச்சியம்மாள்.

பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்கு மட்டமான பெயர் வைப்பது எனக்குத் தெரியாததல்ல. குப்பை, பிச்சை என்று கூப்பிட்டால் இது காசு பெறாத சரக்கு என்று எமன் விட்டுப் போய்விடுவானாம். பிள்ளையை வேறு யாருக்காவது தவிட்டுக்கு விற்றதுபோலச் செய்து திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு. நான் அடம் பிடித்தால் எங்கள் அம்மாகூட, "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினேன், திருப்பிக் கொடுத்துவிடுவேன்" என்பார். காய்கறி விற்கத் தோட்டத்துக்கு வரும் சீன அம்மா அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பார். என்னைக் காணும்போதெல்லாம் மலாய் மொழியில் 'என் பிள்ளை' என்று சொல்லிக் கையில் ஒரு காரட்டைத் திணிப்பார். தமிழ் வீடுகளில் எந்தப் பிள்ளைதான் இந்தத் தவிட்டுக் கேலியைக் கேட்காமல் வளர்ந்தது.

ஜெயக்கொடி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். இருபது முப்பது பெயர்கள், அவள் கையெழுத்தில்.

"டீச்சர், கோவிச்சுக்கக் கூடாது. நீங்க எழுதி அனுப்புனதுல அடிச்சு மாத்துனது நெறைய இருந்துச்சு. அடிச்சதுக்கு அடியில இருக்கதயும் என்னால வாசிக்க முடிஞ்சது. அதெல்லாம் இதுல எழுதி வச்சிருக்கேன்."

எனக்கு முகம் சுட்டது. உண்மைதான். யாபேஸ் என்றால் வேதனை, நான் 'ஜெபத்தால் உயர்ந்தவன்' என்று போட்டிருந்தேன். மக்லோன் என்றால் நோய், அதற்கு 'இனிமையானவன்'. பெற்றோர் மனம் நோகக் கூடாதே என்று கெட்ட பொருளையெல்லாம் அடித்து நல்லதாக்கியிருந்தேன். அன்பினால் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

தாளின் கடைசியில் லேயா இருந்தது. நான் அச்சுக்குக் கொடுத்திருந்தது 'மென்மையான கண்ணுடையவள்'. அவள் எழுதியிருந்தது 'களைத்தவள்'.

"ஒங்க பேரயே மாத்திருக்கீக" என்றாள். குற்றம் சொல்லும் குரலில்லை. "எனக்கு இந்த மாதிரி ஒரு பேருதேன் வேணும். மட்டமாவும் இருக்கணும், பள்ளிக்கூடத்துல யாரும் சிரிக்கவும் கூடாது. இங்கன ஒருத்தருக்கும் அர்த்தம் தெரியாதுல்ல?"

பேச்சியம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். "இங்கன தெரியாட்டிப் போகுது. எமனுக்கு அந்தப் பாஷை தெரியுமா? பிச்சைன்னா அவனுக்கு வெளங்கும். நீ இங்கிலீசுல வச்சா நல்ல பேருன்னு நெனச்சுக்கிட்டு வந்து நிப்பான்."

"இங்கிலீசு இல்ல அத்த, எபிரேயு."

"எதுவோ ஒன்னு. டீச்சரம்மாதானே பாஷையப் பத்தி எழுதிருக்காக, சொல்லட்டும்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள். எமன் என்று யாரும் இல்லையம்மா என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் போதகர் அதைத்தான் எதிர்பார்ப்பார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டாம் பாகத்தில் எழுதியிருந்ததை யோசித்துச் சொன்னேன். மனிதர்கள் வானம் தொடக் கோபுரம் கட்டினார்கள், அதன் பிறகுதான் பேச்சு பல மொழிகளாகப் பிரிந்தது என்பது கதை. அதுவரை எல்லாருக்கும் ஒரே மொழி. ஆனால் சாவு அந்தக் கோபுரத்துக்கும் முந்தியது. முதல் குடும்பத்தில் அண்ணன் தம்பியைக் கொன்றபோதே வந்துவிட்டது. ஆகவே அந்தப் பழைய மொழியும் அதற்குத் தெரியும், பிறகு பிரிந்த ஒவ்வொன்றும் தெரியும். எந்த ஊரிலும் அது வழி தெரியாமல் நின்றதில்லை.

பேச்சியம்மாள் முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டார். "அப்பச் சரி" என்றார்.

வருஷக்கணக்காகப் படித்து எழுதிய கட்டுரைக்குக் கிடைத்த முதல் பயன் இது. வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

தாளைப் பார்த்துப் பெயர் தேட ஆரம்பித்தோம். பெனோனி என்றால் துக்கத்தின் பிள்ளை. வேண்டாம் என்றேன், அந்தப் பெயரை வைத்த தாய் பிரசவத்திலேயே போய்விட்டாள். இக்கபோத், அதுவும் அப்படித்தான். மாராள் என்றால் கசப்பு, தன்னை அப்படிக் கூப்பிடச் சொன்ன அம்மாளுக்கு மகன்கள் இரண்டு பேரும் போனார்கள். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்த ஜெயக்கொடி கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"இதையே வைக்கிறேன் டீச்சர்."

"என் பேர் வேண்டாம். களைப்பைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. நல்லதாக ஏதாவது பாரு."

"ஒங்களுக்கு என்ன வயசாகுது?"

"அறுபத்துமூன்று."

"அறுவத்திமூணு வருசம் தாங்கிருக்கு. ஆயிரத்துச் சொச்சம் பேரு டைப் அடிச்சேன். அதுல எந்தப் பேராவது நடந்து வந்து என் வீட்டுல உக்காந்து காப்பி குடிச்சிருக்கா? நீங்க ஒரு ஆள்தேன்."

அதற்குமேல் என்னால் மறுக்க முடியவில்லை. பேச்சியம்மாள் அடுத்ததைத் தொடங்கினார். பெயர் மட்டும் போதாது, தவிட்டுக்கு விற்கவும் வேண்டும். வாங்குகிறவர் சொந்தமாக இருக்கக் கூடாது. ஊர்க்காரராகவும் இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. வாங்கினவர்தான் பெயர் சொல்ல வேண்டும். "கடல் தாண்டி வந்தவுகளுக்கு வித்துட்டோம்னா எமன் எங்கன போயித் தேடுவான்?"

நான்காம் நாள் காலையில் முருகேசன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து நெல் மில்லுக்குப் போனேன். தவிடு வாங்குகிறவர் கையாலேயே கொண்டுவர வேண்டுமாம். மில்லில் நின்றவர், "மாட்டுக்கா?" என்று கேட்டார்.

"பிள்ளைக்கு" என்றான் முருகேசன்.

அவர் வாசலில் கிடந்த மூட்டையை விட்டுவிட்டு உள்ளே போய், அன்றைக்கு அரைத்த புதுத் தவிடாக அள்ளி வந்தார். இன்னும் சூடாக இருந்தது. கொண்டுபோக வேறு எதுவும் இல்லாததால் திருத்துதாள் வைத்திருந்த துணிப்பையிலேயே போட்டுக்கொண்டேன்.

வீட்டில் குழந்தையை முறத்தில் கிடத்தி வாசற்படியில் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் அதைச் சொளகு என்கிறார்கள். ஜெயக்கொடி முந்தானையை ஏந்தினாள். இரண்டு கையாலும் தவிட்டை அள்ளிப் போட்டேன். முழங்கால் வலியோடு குனிந்து பிள்ளையைத் தூக்கினேன். எவ்வளவு லேசாக இருந்தது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சபையில் எத்தனையோ பிள்ளைகளுக்குப் பெயர் தேடிக் கொடுத்திருக்கிறேன், பெயர் சொல்லும்போது பிள்ளை ஒரு நாளும் என் கையில் இருந்ததில்லை.

"யாரு பிள்ள?" என்று பேச்சியம்மாள் சத்தமாகக் கேட்டார்.

"டீச்சரம்மா பிள்ள" என்றார்கள் எல்லாரும். மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் சொன்னார்கள். ஜெயக்கொடிதான் மற்றவர்களைவிட உரக்கச் சொன்னாள். பெற்றவள் வாயால் அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

பிள்ளையின் காதில் லேயா என்றேன். வீட்டைச் சுற்றி நடந்து கொல்லைப்புறமாக உள்ளே வந்தேன். அங்கே ஜெயக்கொடி கை நீட்டி நின்றாள். சொல்ல வேண்டியதைப் பேச்சியம்மாள் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். "என் பிள்ளையை வளர்த்துத் தருவாயா?"

"ஒங்க பிள்ளைய நான் வளத்துத் தாரேன்" என்று வாங்கிக்கொண்டு, அதை மார்போடு அணைத்துச் சிரித்தாள். மூன்று நாளில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அப்படியே நெல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். கல்லறைத் தோட்டத்தில் இரண்டு சின்னச் சிலுவைகள். மூன்றாவதாக நான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் 'என் பிள்ளை' என்று மலாயில் சொல்லிக் காரட் கொடுத்த சீன அம்மா. தவிட்டுப் பேச்சைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பை நான் கேலி என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். பெயர் வைத்த பிறகு அப்பா அந்தக் கோட்டைப் போட்டார் என்றே இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். கோடு போட்டுவிட்டு அப்புறம் பெயர் வைத்திருக்கலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள இப்போது அப்பா, அம்மா, அந்தச் சீன அம்மா மூவரில் ஒருவரும் இல்லை. ஜெயக்கொடி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் லகர வரிசை பாக்கி இருக்கு டீச்சர். அப்புறம் பாப்பமா?" என்றாள்.

இப்போதே பார்க்கலாம் என்றேன். பையிலிருந்து தாள்களை எடுத்து உதறினேன், தவிடு பறந்தது. அடித்து மாற்றிய பொருள்களையெல்லாம் அவள் தாளைப் பார்த்துப் பழையபடி திருத்திக்கொண்டு வந்தோம். யாபேஸுக்கு வேதனை திரும்ப வந்தது, மக்லோனுக்கு நோய். என் பெயர் வந்ததும் அவள் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு, "நீங்களே எழுதுங்க" என்றாள். 'மென்மையான கண்ணுடையவள்' என்பதை அடித்தேன். ஓரத்தில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதிப்போடுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக, களைத்தவள் என்று எழுதினேன்.

ஜெயக்கொடி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இத வாசிக்க நான் வேணாம் டீச்சர்" என்றாள். "யாரு வேணாலும் வாசிச்சுருவாக."